மீன்தொட்டி திடீர்னு பச்சையாயிடுச்சா? மொத்தத் தண்ணியையும் கொட்டாதீங்க!

வெள்ளிக்கிழமை வரைக்கும் தண்ணி பளிங்கு மாதிரி இருந்தது. திங்கட்கிழமை காலையில் பார்த்தால்... கீரை வேகவைத்த தண்ணி மாதிரி ஆகிக் கிடக்கிறது! உள்ளே நீந்துகிற தங்கமீன் வெறும் நிழலாகத்தான் தெரிகிறது.

உடனே வீட்டில் என்ன நடக்கும்? "ஞாயித்துக்கிழமை வரட்டும், மொத்தமா கழுவிடலாம்" என்பார் அப்பா. ஞாயிற்றுக்கிழமை வந்ததும் மீன்கள் பிளாஸ்டிக் பக்கெட்டுக்கு இடம் மாறும். தொட்டித் தண்ணி முழுக்கச் சாக்கடைக்குப் போகும். கூழாங்கல், பிளாஸ்டிக் செடி, ஃபில்டர் ஸ்பாஞ்ச் எல்லாம் குழாயடியில் தேய்தேய் என்று தேய்க்கப்படும். புதுத் தண்ணி ஊற்றி, மீனை விட்டு, விளக்கைப் போட்டால்... ஆஹா! கடையில் பார்த்த மாதிரியே ஜொலிக்கும்.

புதன்கிழமை ஒரு மீன் வயிறு மேலாக மிதக்கும். வியாழக்கிழமை இன்னொன்று. "அந்தப் பாசித் தண்ணிதான் மீனைக் கொன்னுடுச்சு" என்று பழி பாசி மேல் விழும். பள்ளிக்கூடம் விட்டு வந்து தொட்டி முன்னால் நிற்கிற குழந்தைக்கு யார் பதில் சொல்வது?

விஷயம் என்னவென்றால், இப்படிச் சாகிற மீன்களில் பெரும்பாலானவற்றைக் கொன்றது அந்த ஞாயிற்றுக்கிழமைச் சுத்தம்தான்! பாசியைவிட நம் அவசரம் ஆபத்தானது. பாசி ஏன் வருகிறது, மீனுக்கு வலிக்காமல் அதை எப்படி விரட்டுவது, தொட்டியில் கை விடுகிற நம் உடம்புக்கு என்ன ஜாக்கிரதை வேண்டும்... ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ராத்திரியோடு ராத்திரியா வந்ததா?

அப்படித்தான் தோன்றும். ஆனால், பாசி பல நாளாக உள்ளேயே இருக்கிறது. தண்ணியைப் பச்சையாக்குவது கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசி. வசதி கிடைத்தால் ஒரே நாளில் ஒன்று இரண்டாகும், மறுநாள் நான்காகும். இந்தக் கணக்கில் பத்தே நாளில் ஆயிரம் மடங்கைத் தாண்டிவிடும். ஒன்பது நாள் வரை நம் கண்ணுக்கு எதுவும் தெரியாது. பத்தாம் நாள் 'திடீர்' பச்சை!

அதற்கு என்ன வசதி வேண்டும்? இரண்டே இரண்டு. ஒன்று வெளிச்சம். இன்னொன்று உரம். எந்த வீட்டில் இந்த இரண்டும் தேவைக்கு மேல் இருக்கிறதோ, அந்த வீட்டுத் தொட்டியில் பாசி பொங்கும்.

வெளிச்சம் கூடிப்போனதை நாம் கவனிப்பதே இல்லை. உதாரணமாக, ஹாலில் தெற்கு பார்த்த ஜன்னல் பக்கம் தொட்டி இருக்கிறது என்று வையுங்கள். சித்திரை, வைகாசியில் சூரியன் உச்சிக்கு மேலே நிற்பதால் வெயில் உள்ளே வராது. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். அப்போது அதே ஜன்னல் வழியாக வெயில் நேராகத் தொட்டியில் விழும். தொட்டியை நாம் நகர்த்தவில்லை, சூரியன் நகர்ந்துவிட்டது! மேற்கு ஜன்னலுக்குச் சாயங்கால வெயில் தொல்லை. போதாக்குறைக்கு, "லைட் போட்டா அழகா இருக்கு" என்று காலை ஆறு மணிக்குப் போட்ட விளக்கு ராத்திரி பதினொன்று வரை எரியும்.

சரி, உரம் எங்கிருந்து வருகிறது? நம் கையிலிருந்துதான்! காலையில் அம்மா ஒரு சிட்டிகை உணவு போடுவார். பள்ளிக்கூடம் போகும்போது பையன் ஒரு சிட்டிகை. சாயங்காலம் தாத்தா. வந்த விருந்தாளி ஆசைக்கு ஒரு சிட்டிகை. மீனும் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். "பாவம், பசிக்குது போல!" பசி இல்லை, அது பழக்கம். தங்கமீனுக்கு நம்மைப் போல இரைப்பையே கிடையாது. வயிறு நிறைந்தது என்று நிறுத்தத் தெரியாமல், போடப்போட வாங்கிக்கொண்டே இருக்கும். தின்றது கழிவாகும், தின்னாதது கூழாங்கல்லுக்குள் விழுந்து அழுகும். இரண்டுமே கடைசியில் பாசிக்கு உரம்தான். கல்லுக்குப் பின்னால் செத்துக் கிடக்கிற நத்தையோ சின்ன மீனோ இருந்தால் கேட்கவே வேண்டாம். சில ஊர்களில் போர்வெல் தண்ணியிலேயே நைட்ரேட் என்கிற உரச்சத்து கரைந்திருக்கும்.

முதல்ல, எந்தப் பாசின்னு பாருங்க

எல்லாப் பாசிக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. பார்த்தாலே அடையாளம் தெரிந்துவிடும்.

பச்சைத் தண்ணி: கண்ணாடி சுத்தமாக இருக்கும், தண்ணியே பச்சை. ஒரு வெள்ளை டம்ளரில் எடுத்துப் பார்த்தால் இளம்பச்சை நிறம் தெரியும். வெளிச்சமும் உரமும் ஒருசேரக் கூடிவிட்டது என்று அர்த்தம்.

கண்ணாடியில் பச்சைப் புள்ளி, பச்சைப் படலம்: எல்லாத் தொட்டியிலும் கொஞ்சம் வரத்தான் செய்யும். துடைத்தால் போதும்.

பழுப்புப் படலம்: தொட்டி வாங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தால் கல், கண்ணாடி எல்லாம் காப்பிப் பொடி தூவின மாதிரி ஆகும். இது டயாட்டம் என்கிற நுண்ணுயிர். பயம் வேண்டாம். துடைத்துவிட்டுக் காத்திருங்கள், பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே குறைந்துவிடும்.

நூல் பாசி: செடியிலும் கல்லிலும் பச்சைத் தலைமுடி மாதிரி தொங்கும். பழைய டூத் பிரஷ்ஷை உள்ளே விட்டு, இடியாப்பத்தை ஃபோர்க்கில் சுற்றுகிற மாதிரி சுற்றி எடுங்கள்.

நீலப்பச்சைப் படலம்: வழவழவென்று போர்வை மாதிரி படரும். இழுத்தால் தோல் மாதிரி உரிந்து வரும். ஒரு மாதிரி மக்கிய வாடை அடிக்கும். பார்க்கப் பாசி மாதிரி இருந்தாலும் இது பாக்டீரியா. இதில் சில வகைகள் நச்சுப் பொருளை உண்டாக்கக்கூடியவை. கையுறை போட்டுக்கொண்டு, குழாய் வைத்து உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். அந்தத் தண்ணியை வீட்டு நாயோ பூனையோ குடிக்க விடாதீர்கள்.

மொத்தமா கழுவினா ஏன் மீன் சாகுது?

இதைப் புரிந்துகொண்டால் மீன் வளர்ப்பில் பாதிப் பாடம் முடிந்தது.

மீன் செவுள் வழியாகவும் கழிவாகவும் அமோனியாவை வெளியேற்றுகிறது. அது மீனுக்கே விஷம். அப்படியிருந்தும் நம் தொட்டி மீன்கள் பிழைத்திருக்கின்றன என்றால், காரணம் கண்ணுக்குத் தெரியாத நல்ல பாக்டீரியாக்கள். ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை, அதிக ஆபத்தில்லாத நைட்ரேட்டாக மாற்றும். இந்தத் துப்புரவுப் பணியாளர்கள் குடியிருப்பது தண்ணியில் அல்ல. ஃபில்டர் ஸ்பாஞ்சிலும், கூழாங்கல்லின் மேல் இருக்கிற வழவழப்பிலும்தான். ஒரு புதுத் தொட்டியில் இவர்கள் முழுசாகக் குடியேறவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து, கல்லைச் சோப்பு போட்டுக் கழுவினால்? குளோரின் தண்ணியும் சோப்பும் சேர்ந்து அத்தனை பேரையும் காலி செய்துவிடும். மறுநாளிலிருந்து அமோனியாவை மாற்ற ஆள் இல்லை. தண்ணி பளிச்சென்று இருக்கும், ஆனால் விஷம் ஏறிக்கொண்டே இருக்கும். இரண்டு, மூன்று நாளில் மீன் செவுள் சிவந்து, மேலே வந்து மூச்சு வாங்கிச் சாகும்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. தண்ணியின் காரத்தன்மை கூடினால் அமோனியாவின் விஷமும் கூடும். 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 இருக்கும்போது மொத்த அமோனியாவில் விஷமாக இருப்பது 1 சதவிகிதத்துக்கும் குறைவு. பி.எச். 8 ஆனால் அது சுமார் 5 சதவிகிதம்! பழைய தொட்டித் தண்ணி நாளாக ஆக அமிலப் பக்கம் இறங்கியிருக்கும். புதிதாக ஊற்றுகிற போர்வெல் தண்ணி காரமாக இருக்கும். ஒரே நாளில் மொத்தத்தையும் மாற்றும்போது மீன் வாங்குகிற அடி எப்படிப்பட்டது என்று யோசியுங்கள்.

பச்சைத் தண்ணியில் ஆபத்தே இல்லையா?

பச்சை நிறம் விஷம் இல்லை. மீன் பண்ணைகளில் குஞ்சு பொரித்ததும் வேண்டுமென்றே பச்சைத் தண்ணி தயாரித்து அதில் விடுவது உண்டு. ஆனால், வீட்டுத் தொட்டியில் அது ரொம்ப அடர்த்தியாகும்போது ஒரு சிக்கல். பகலில் பாசி ஆக்ஸிஜனைக் கொடுக்கும். விளக்கை அணைத்ததும் அதுவும் மீனோடு சேர்ந்து ஆக்ஸிஜனை இழுக்க ஆரம்பித்துவிடும். விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்குத் தண்ணியில் ஆக்ஸிஜன் ரொம்பக் குறைந்திருக்கும். வெயில் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். 20 டிகிரி தண்ணி ஒரு லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவு ஆக்ஸிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரி ஆனால் அது ஏழரைதான்.

அதனால் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் தொட்டியைப் பாருங்கள். மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றை விழுங்கினால் அது அபாய அறிவிப்பு. ஏர் பம்ப்பை உடனே போடுங்கள். "ராத்திரி சத்தம் தூக்கத்தைக் கெடுக்குது" என்று பம்ப்பை அணைக்கிற வீடுகள் ஏராளம். பாசி இருக்கும்வரை ராத்திரிதான் அது கட்டாயம் ஓட வேண்டும்!

பாசியை விரட்ட பத்து நாள் திட்டம்

முதலில் உங்கள் தொட்டியின் கொள்ளளவைத் தெரிந்துகொள்ளுங்கள். நீளம், அகலம், உயரத்தை அடிக்கணக்கில் அளந்து பெருக்கி, வருவதை 28-ஆல் பெருக்கினால் லிட்டர். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் என்றால் சுமார் 56 லிட்டர். அதில் கால் பங்கு 14 லிட்டர். ஆக, ஒரு பக்கெட் தண்ணிதான் மாற்றப் போகிறோம்.

முதல் நாள்: உணவை நிறுத்துங்கள். விளக்கை அணையுங்கள். ஜன்னலுக்குத் திரை போடுங்கள். செத்த மீன், அழுகிய இலை ஏதாவது இருக்கிறதா என்று கல் இடுக்கெல்லாம் தேடி எடுங்கள். கண்ணாடியில் ஒட்டியதைச் சோப்பே படாத புது ஸ்பாஞ்சால் துடையுங்கள். பிறகு குழாயை அடிக்கல்லில் வைத்து, அழுக்கோடு சேர்த்துக் கால் பங்கு தண்ணியை எடுத்துவிட்டு, அதே அளவு புதுத் தண்ணி ஊற்றுங்கள். ஃபில்டரைத் தொடாதீர்கள்.

மூன்றாம் நாள்: மறுபடி கால் பங்கு. மீனுக்கு ஒரே ஒரு சிட்டிகை உணவு.

ஐந்தாம் நாள்: மறுபடி கால் பங்கு. மூன்று முறை கால் பங்கு மாற்றினால் பழைய தண்ணியில் பாதிக்கு மேல் வெளியே போயிருக்கும். மீனுக்கோ அதிர்ச்சியே தெரியாது. பல தொட்டிகளில் இந்தக் கட்டத்திலேயே நிறம் வெளுக்கும்.

இன்னும் பச்சையாகவே இருக்கிறதா? அப்படியானால் இருட்டு வைத்தியம். ஐந்தாம் நாள் ராத்திரி தொட்டியை நாலா பக்கமும் கறுப்புத் துணியாலோ போர்வையாலோ மூடிவிடுங்கள். மேல் பக்கம் காற்றுப் போக்கு இருக்கட்டும். மூன்று முழு நாள் வெளிச்சமும் கிடையாது, உணவும் கிடையாது. ஏர் பம்ப், ஃபில்டர் இரண்டும் 24 மணி நேரமும் ஓட வேண்டும். நடுவே துணியைக் கொஞ்சம் விலக்கி, மீன் நலமா என்று பார்க்கலாம். "மூணு நாள் பட்டினி போடறதா?" என்று பதறாதீர்கள். ஆரோக்கியமான வளர்ந்த மீன் தாராளமாகத் தாங்கும். குஞ்சு மீன்கள் இருந்தால் மட்டும் பட்டினியும் வேண்டாம், இருட்டும் வேண்டாம். தண்ணி மாற்றுவதையே தொடருங்கள்.

ஒன்பதாம் நாள் காலை: துணியை எடுங்கள். செத்த பாசி அடியில் படிந்திருக்கும். அதை அப்படியே விட்டால் அழுகி மறுபடி உரமாகும். அடியிலிருந்து 30 சதவிகிதத் தண்ணியை உறிஞ்சி எடுங்கள். எடுத்த தொட்டித் தண்ணியிலேயே ஃபில்டர் ஸ்பாஞ்சை இரண்டு தடவை மெதுவாகப் பிழியுங்கள். குழாய்த் தண்ணி கூடாது.

பத்தாம் நாள்: விளக்கு 6 மணி நேரம். ஒருவேளை உணவு. இனிமேல் இதுதான் சட்டம்!

இந்த நாட்களில் புதுத் தண்ணியைப் பற்றி மூன்று விஷயம். குழாய்த் தண்ணியில் குளோரின் இருக்கும். கடையில் கிடைக்கிற ஆன்டி குளோரின் சொட்டு மருந்தைப் பாட்டிலில் சொல்லியிருக்கும் அளவு கலந்து ஊற்றுங்கள், அல்லது ஒருநாள் முழுக்கத் திறந்த பக்கெட்டில் வைத்து ஊற்றுங்கள். பக்கெட்டின் மேல் மெல்லிய துணி கட்ட மறக்காதீர்கள். தேங்கிய நல்ல தண்ணி டெங்கு கொசுவுக்குத் தொட்டில்! மூன்றாவது, மத்தியான வெயிலில் மொட்டைமாடித் தொட்டியில் கொதித்துக் கிடக்கிற தண்ணியை நேராக ஊற்றாதீர்கள். காலையில் பிடித்து, கையை விட்டுப் பார்த்தால் தொட்டித் தண்ணியும் அதுவும் ஒரே சூடாக இருக்க வேண்டும்.

இதெல்லாம் கூடவே கூடாது!

சோப்பு, டிடர்ஜென்ட், பிளீச்சிங் பவுடர், பாத்திரம் தேய்க்கிற ஸ்கிரப்பர் எதுவும் தொட்டிப் பக்கமே வரக்கூடாது. துளி ஒட்டியிருந்தாலும் மீனின் செவுள் பாதிக்கப்படும்.

"கொஞ்சம் மயில்துத்தம் போடு, பாசி போயிடும்" என்று சிலர் சொல்வார்கள். பாசி போகும்தான். அளவு கொஞ்சம் தப்பினாலும் மீன், நத்தை, இறால் எல்லாம் சேர்ந்து போகும். பாசிக்கொல்லி மருந்துகளிலும் இதே ஆபத்து உண்டு. மொத்தப் பாசியும் ஒரே நாளில் செத்து அழுகினால், தண்ணியில் ஆக்ஸிஜன் இறங்கி அமோனியா ஏறும். பாசி சாவதைப் பார்த்து நாம் சந்தோஷப்படும்போதே மீன் மூச்சுத் திணறும்.

மீனுக்கு எது வந்தாலும் நீல மருந்து விடுகிற பழக்கமும் வேண்டாம். அது பூஞ்சைக்கான மருந்து. பாசிக்குப் போட்டால் நல்ல பாக்டீரியாவுக்குத்தான் கேடு.

பாசி தின்னும் மீன் வாங்கி விடலாமா?

சென்னை கொளத்தூர் மாதிரி அலங்கார மீன் கடைகள் நிறைந்த இடத்தில் போய் நின்றால், "ஒரு சக்கர் மீன் வாங்கி விடுங்க, எல்லாத்தையும் தின்னுடும்" என்று யோசனை வந்து விழும். கண்ணாடியில் ஒட்டுகிற பாசியைக் கொஞ்சம் தின்னும், உண்மைதான். தண்ணியில் மிதக்கிற பச்சையை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. விரல் நீளம் வாங்குகிற இந்த மீன் ஒரு அடிக்கு மேல் வளரும். அது போடுகிற கழிவு பாசிக்குப் புது உரம்!

வளர்ந்துவிட்டதே என்று ஏரியிலோ கோயில் குளத்திலோ கொண்டுபோய் விடுவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு. தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் நம் ஏரிகளில் பெருகி, நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் பறிக்கிறது. முள் போன்ற அதன் செதில் மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது. வேண்டாம் என்றால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

அதற்குப் பதிலாக உயிருள்ள நீர்ச்செடி வையுங்கள். பாசி தின்கிற அதே உரத்தைச் செடியும் தின்னும். போட்டியில் பாசி மெலியும். ரொம்பச் சுலபமான வழி ஒன்று உண்டு. வீட்டில் இருக்கிற மணி பிளான்ட் கொடியை வெட்டி, வேர் மட்டும் தண்ணியில் இருக்கும்படி தொட்டியின் பின்பக்கம் செருகிவிடுங்கள். இலை வெளியே இருக்கட்டும். இலையைச் சின்னக் குழந்தைகள் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், வாய் எரியும்.

இது இன்று நேற்றுக் கண்டுபிடிப்பு அல்ல. லண்டனைச் சேர்ந்த ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியல் நிபுணர் தங்கமீனையும் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியையும் ஒரே பாத்திரத்தில் வளர்த்துப் பார்த்தார். செடியின் பழைய இலைகள் அழுகித் தண்ணி கலங்கியது, பாசி படர்ந்தது. அவர் தண்ணியைக் கொட்டவில்லை. அழுகலைத் தின்கிற நத்தைகளை விட்டார். தண்ணி தெளிந்தது. மீன், செடி, நத்தை மூன்றும் ஒன்றுக்கொன்று துணையாக இருக்க முடியும் என்று 1850-ல் எழுதி வெளியிட்டார். இன்றைய வீட்டு மீன்தொட்டிக்கு அதுவும் ஒரு ஆரம்பம்.

உங்க கை பத்திரம்!

மீனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் எப்படி? தொட்டியைச் சுத்தம் செய்பவர் உடம்பும் முக்கியம் இல்லையா?

கையில் வெட்டு, சிராய்ப்பு, நகச்சுற்று இருந்தால் வெறுங்கையைத் தொட்டிக்குள் விடாதீர்கள். மைக்கோபாக்டீரியம் மரைனம் என்றொரு கிருமி உண்டு. காசநோய்க் கிருமிக்குச் சொந்தக்காரன். மீன்தொட்டித் தண்ணியில் இருக்கக்கூடிய இது, காயம் வழியாகத் தோலுக்குள் நுழையும். சில வாரங்கள் கழித்து விரலிலோ புறங்கையிலோ சிவந்த கட்டி, ஆறாத புண்ணாகத் தலைகாட்டும். சாதாரண மருந்துக்கு அசையாது. சரியான ஆன்டிபயாடிக்கை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டி வரும். அடிக்கடி வருகிற நோய் இல்லை. ஆனால் கண்டுபிடிக்கத் தாமதமாகிற நோய். கையில் ஆறாத கட்டி இருந்து டாக்டரிடம் போனால், "வீட்டுல மீன்தொட்டி இருக்கு டாக்டர், நான்தான் கழுவுறேன்" என்று மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு வரி அவருக்குப் பெரிய துப்பு.

முழங்கை வரை வருகிற ரப்பர் கையுறை போட்டுக்கொள்வது உத்தமம். வேலை முடிந்ததும் சோப்பு போட்டு 20 விநாடி கை கழுவ வேண்டும். குழந்தைகள் உணவு போட்ட பிறகும்தான். சமையலறைத் தொட்டியில் மீன் சாமான்களைக் கழுவ வேண்டாம். குழாயில் வாய் வைத்து உறிஞ்சித் தண்ணி எடுப்பதும் கூடாது. குழாய் முழுக்கத் தண்ணி நிரப்பி, இரண்டு முனையையும் விரலால் அடைத்து, ஒரு முனையைத் தொட்டியிலும் மறு முனையைக் கீழே பக்கெட்டிலும் விட்டால் தானாக வரும். புற்றுநோய் சிகிச்சை எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிடுங்கள்.

கடைசியாக கரண்ட்! தண்ணிக்குள் கை விடுமுன் விளக்கு, ஹீட்டர், பம்ப் அத்தனை ப்ளக்கையும் பிடுங்கிவிடுங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஒயர் ப்ளக்குக்கு வருமுன் கொஞ்சம் கீழே தொங்கி வளைந்து மேலே ஏறட்டும். அப்போது ஒயர் வழியே வழிகிற தண்ணி பிளக் பாயின்ட்டுக்குள் போகாமல் கீழே சொட்டிவிடும்.

அடிக்கடி வரும் சந்தேகங்கள்

எவ்வளவு உணவுதான் போடுவது?

இரண்டு நிமிஷத்தில் மீன்கள் தின்று முடிக்கிற அளவு, ஒருநாளைக்கு ஒரு தடவை அல்லது இரண்டு தடவை. மாத்திரை போட்டு வைக்கிற, கிழமை எழுதிய டப்பா ஒன்று வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஏழு நாளுக்கும் உணவைப் பிரித்துப் போட்டுவிடுங்கள். அன்றைய அறை காலி என்றால் அன்றைக்கு மீன் சாப்பிட்டாயிற்று! தாத்தாவும் பேரனும் மாறிமாறிப் போடுகிற குழப்பம் இருக்காது.

வெளியூர் போகிறோம். நிறையப் போட்டுவிட்டுப் போகலாமா?

கூடாது. திரும்பி வரும்போது பச்சைத் தண்ணிதான் வரவேற்கும். நாலைந்து நாள் என்றால் வளர்ந்த மீன்களுக்கு எதுவுமே போட வேண்டாம். அதற்கு மேல் என்றால் அந்த மாத்திரை டப்பாவைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

எடுத்த தண்ணியைச் சாக்கடையில்தான் விட வேண்டுமா?

மருந்து எதுவும் கலக்கவில்லை என்றால் பூச்செடிகளுக்கு ஊற்றுங்கள். பாசிக்கு உரமான நைட்ரேட், ரோஜாவுக்கும் உரம்தான்.

வட்டக் கண்ணாடிக் கிண்ணத்தில் தங்கமீன் வளர்க்கலாமா?

வேண்டாம். மூன்று, நான்கு லிட்டர் தண்ணி சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் கெடும், சீக்கிரம் பச்சையாகும். தங்கமீன் அரை அடிக்கு மேல் வளர்கிற மீன். அதற்குப் பெரிய தொட்டி வேண்டும்.

யு.வி. விளக்கு வைத்த ஃபில்டர் பலன் தருமா?

பச்சைத் தண்ணியைத் தெளிய வைக்கும். கண்ணாடியில் ஒட்டிய பாசியை ஒன்றும் செய்யாது. வெளிச்சத்தையும் உணவையும் குறைக்காமல் அதை மட்டும் நம்பினால், விளக்கு நின்ற அன்றே பழைய கதைதான். எரிகிற யு.வி. விளக்கை நேராகப் பார்க்கவும் கூடாது.

வாரம் அரை மணி நேரம் போதும்

பாசி போன பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணி மாற்றுங்கள், கண்ணாடியைத் துடையுங்கள். மாதம் ஒருமுறை ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணியில் பிழியுங்கள். விளக்குக்கு டைமர் மாட்டிவிட்டால் அதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். பிளாஸ்டிக் செடி மட்டும் இருக்கிற தொட்டியில், நீங்கள் உட்கார்ந்து பார்க்கிற நேரத்துக்கு மட்டும் விளக்கு எரிந்தால் போதும்.

இங்கிலாந்தில் பிளிமத் நகரத்துக் கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தில் நடந்த ஆய்வு ஒன்று 2015-ல் வெளியானது. மீன்தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களின் ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் குறைந்தன என்கிறது அது. ஆபீசிலிருந்து களைத்து வருகிறவருக்கும், பரீட்சைக்குப் படிக்கிற பெண்ணுக்கும், பொழுது போகாத பாட்டிக்கும் ஹாலிலேயே இப்படி ஒரு மருந்து இருந்தால் கசக்குமா என்ன?

அதனால் அடுத்த தடவை தண்ணி பச்சையாகத் தெரிந்தால் பக்கெட்டைத் தேடி ஓடாதீர்கள். முதலில் ஜன்னல் திரையை இழுத்து விடுங்கள். அப்புறம், உணவு டப்பாவை எட்டாத உயரத்தில் எடுத்து வையுங்கள். பாதி வைத்தியம் அங்கேயே முடிந்தது!